கஞ்சிங் அருவியும் கட்டுச்சோறும்

சங்க நூல்களுள் புனலாட்டைப் பெரிதும் போற்றிப் பாடுவது பரிபாடல். வையையில் புதுவெள்ளம் வந்தது என்னும் செய்தி கேட்டு மதுரை மாநகரே கரைக்குத் திரண்டோடும் காட்சியை நாம் வகுப்பறைகளில் எத்தனையோ முறை சுவைபட விளக்கியிருக்கிறோம். ஆனால், வையையைப் பாடும் பாடல் ஒன்றில் வரும் ஒரு செய்தியை மட்டும் பெரும்பாலும் விரைந்து கடந்து விடுகிறோம். மைந்தரும் மகளிரும் ஆடிக் களித்த பின்னர், ஆற்றுநீரில் கள்ளும் மணப்பொருளும் தேனும் கலந்துவிட்டன என்று கருதி, மறையோர் அந்நீரில் நீராடவும் வாய்பூசவும் மறுத்தனர் என்கிறார் புலவர். அவர் இதனைக் குறையாகச் சொல்லவில்லை. விழாவின் மிகுதியைக் காட்டவே சொல்கிறார். ஆயினும் கூட்டம் ஆடிச் சென்ற நீர் பின்னால் வந்தவனுக்குப் பயன்படாமற் போயிற்று என்னும் செய்தி அதனுள் இருக்கத்தான் செய்கிறது. வையைக் கரையில் அன்று கலந்தவை நீரோடு போய்விடும் பொருள்கள். ரவாங் வட்டாரத்தில் வாழும் நமக்கு அந்த ஆறுதல் இல்லை.

ரவாங் நகரிலிருந்து பழைய நெடுஞ்சாலையில் செலாயாங் நோக்கிச் சில கல் தொலைவு சென்றால் கஞ்சிங் அருவிக்கு வழி பிரியும். அருவி ஒன்றே எனினும் அது 7 படிகளாக இறங்கி வருவது. கீழ்ப்படிகளில் குழந்தைகளும் முதியோரும் அமர்ந்து நீராடலாம். மேலே செல்லச் செல்லப் பாதை செங்குத்தாகும், கூட்டமும் குறையும். இவ்வனத்தில் கியாம் கஞ்சிங் என்றொரு மரம் உண்டு. இவ்வருவி வனத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அந்த மரத்தை உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காண இயலாது என்பர் தாவரவியலார். 2017ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ரவாங் புறவழிச்சாலை இக்காட்டின் மேலே உயர்ந்த தூண்களில் பாலமாகச் செல்வதற்கும் இக்காட்டையும் இம்மரத்தையும் காக்கும் நோக்கமே காரணமாக இருந்தது. ஒரு மரத்துக்காகச் சாலை வானில் ஏறிற்று என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. அவர்கள் நம்புவதில்லை, நேரில் அழைத்துச் சென்று காட்டிய பின்னரே நம்புவர்.

அத்தகைய காட்டின் வாயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு நின்று பார்த்தால் காண்பது என்ன? நிறுத்துமிடம் நிறைந்து சாலையோரத்தில் நீண்டு நிற்கும் கார்கள். அவற்றிடையே, சமையல் அடுப்பும் படுக்கையும் பொருத்திய வேன்கள் இரண்டொன்று. பெருநோய்த் தொற்றுக் காலத்துக்குப் பின், எல்லைகள் மூடிக் கிடந்தமையால் உள்நாட்டிலேயே ஊர் சுற்றும் வழக்கம் மிகுந்தபோது, இந்தக் ‘கேம்பர்வேன்’ மோகமும் நம் நாட்டில் பரவிற்று. சிகிஞ்சான் வயல்வெளி, சாசாரான் கடற்கரை, உலு யாம் ஆற்றங்கரை என அவை நிற்காத இடமில்லை. குப்பைத் தொட்டிகள் வழிந்து நிற்கும். அவற்றைக் குரங்குகள் கவிழ்த்திருக்கும். உணவுப் பொட்டலங்களும் குழந்தைகளின் கழிவுத்துணிகளும் பாறை இடுக்குகளில் செருகிக் கிடக்கும். இவற்றையெல்லாம் ‘மக்களுக்குப் பொறுப்பில்லை’ என்னும் ஒரே சொற்றொடரால் விளக்கிவிட்டு நகர்வது நம் வழக்கம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதே சொற்றொடரைக் கட்டுரைப் பாடத்தில் எழுத வைத்து மதிப்பெண் இட்டவன் நான். இன்று அது எனக்கு நிறைவளிக்கவில்லை. இவ்விடத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது.

கஞ்சிங் என்னும் பெயர் வரலாற்றில் முதலில் இடம்பெறுவது அருவிக்காக அன்று, ஈயத்துக்காக. 1867 முதல் 1873 வரை நடந்த சிலாங்கூர் உள்நாட்டுப் போரில், கோலாலம்பூரில் வேரூன்றிய யாப் ஆ லோய்க்கு எதிரான சீனத் தரப்பினர் கஞ்சிங் சுரங்கப் பகுதியில் வலுவாக இருந்தனர். இன்று நாம் பாய் விரித்துச் சோறு உண்ணும் இந்த வட்டாரத்தில் அன்று குருதி சிந்திற்று. போர் ஓய்ந்த பின் சுரங்கத் தொழில் தழைத்தது. 1892இல் கோலாலம்பூரிலிருந்து ரவாங்குக்கு இருப்புப்பாதை வந்தது. 1894இல் லோக் இயூவும் நம்மவரான கா. தம்புசாமிப் பிள்ளையும் ரவாங்கில் தங்கள் சுரங்கத்துக்கு மின்னாக்கி நிறுவினர். இந்நாட்டில் மின்சாரம் பயன்பட்டதற்குக் கிடைக்கும் முதற்சான்று அதுவே. பத்துமலை முருகன் கோயிலைத் தோற்றுவித்த அதே பெருமகனார்தாம் அவர். கோயிலைப் பற்றிக் கேட்டால் மாணவர் அனைவரும் கை உயர்த்துவர். மின்னாக்கியைப் பற்றிக் கேட்டால் ஒரு கையும் எழாது.

சுரங்கத்தார் தம் கழிவை என் செய்தனர்? ஆற்றில் விட்டனர். மணலும் சேறும் ஆற்றுப்படுகையை நிரப்பின. இதன் விளைவை அறியக் கோல குபுவின் கதை ஒன்றே போதும். 1883இல் அங்கே அணை உடைந்து ஊரையும் மாவட்ட அதிகாரியையும் வெள்ளம் கொண்டு சென்றது. அதன் பின்னரும் மேல்நிலச் சுரங்கங்களின் வண்டல் ஆற்றை மேடாக்கிக்கொண்டே வர, வெள்ளம் அடிக்கடி ஊருக்குள் புகுந்தது. இறுதியில் அரசாங்கம் அவ்வூரைக் கைவிட்டு, மேட்டு நிலத்தில் புதிய ஊரை அமைத்தது. இன்றைய கோல குபு பாருவின் பெயரில் உள்ள ‘பாரு’ என்னும் சொல்லுக்குப் ‘புதிய’ என்று பொருள். பழைய ஊர் மண்ணடியில் கிடக்கிறது. வட சிலாங்கூரில் குப்பையின் வரலாற்றை எழுதப் புகுவோர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அருவிக்குப் பொட்டலம் கொண்டு வந்த ஏழையிலிருந்து அன்று.

இனி, நம் மக்கள் இவ்வருவிக்கு எப்போது வந்தனர் என்பதைப் பார்ப்போம். காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நம் முன்னோர்க்குக் காடு என்பது அழித்துப் பயிரிட வேண்டிய இடம்; காய்ச்சலும் அட்டையும் புலியும் உறையும் இடம். அங்கே சென்று இன்புறலாம் என்று அவர்கள் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. அந்நாளில் துணி துவைக்கவும் ரேசன் வாங்கவுமே நேரம் போதாது. பின்னர் 1948இல் அவசர நிலை வந்தது. காட்டோரத்தில் நடமாடுவதே குற்றமாகும் நிலை பல இடங்களில் ஏற்பட்டது. தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு வெளியே செல்பவன் காட்டிலிருப்பவர்க்கு உணவு கொண்டு செல்கிறான் என்று ஐயுறப்பட்ட காலம் அது. கட்டுச்சோறு ஐயத்துக்குரிய பொருளான ஒரு காலம் இம்மண்ணில் இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள்.

அந்தப் போரை நடத்திய ஆணையர் ஜெனரல் டெம்ப்ளரின் பெயராலேயே கஞ்சிங்குக்கு அருகில் ஒரு காட்டுப் பூங்கா 1950களின் நடுப்பகுதியில், அவசர நிலை முடியுமுன்பே, உருவானது. காட்டைக் கண்டு அஞ்சச் செய்தவர் பெயரால் காட்டுக்கு வருக என்னும் அழைப்பு! முதலில் அங்கு வந்தவர் பெரும்பாலும் சொந்த மோட்டார் வண்டி உடையோரே. நாடு விடுதலை பெற்று, 1960இல் அவசர நிலையும் நீங்கிய பின்னரே தோட்டத்து மக்களும் லாரி ஏறி அருவிக்கு வரலாயினர். ஆகவே, இக்காடும் அருவியும் நம்முடையவை என்னும் உரிமையுணர்வு நமக்கு வந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளே ஆகின்றன. தாத்தா காலத்தில் இல்லாதது. அப்பா காலத்தில் கிடைத்தது.

அவ்வாறு கிடைத்த நாள் ஒன்றை நான் நன்கு நினைவில் வைத்திருக்கிறேன். 1978ஆம் ஆண்டு, எனக்கு எட்டு வயது. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் என் தந்தையார் மரம் சீவிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு அடுத்த வாரம், தோட்டத்து லாரியைக் கிராணியார் துரையிடம் கேட்டு வாங்கினார். பால் தோம்புகளை ஏற்றும் அந்த லாரியை இளைஞர்கள் முதல்நாள் மாலையே கழுவினர். எத்தனை முறை கழுவியும் ரப்பர்ப் பாலின் புளித்த வாடை போகவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கே எல்லா வீட்டு அடுப்பும் எரிந்தது. புளிச்சோறு, வறுத்த நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை. என் தாயார் வாழையிலையை நெருப்பில் வாட்டி, சோற்றை அள்ளி வைத்து, மேலே ஒரு பழைய செய்தித்தாளைச் சுற்றி, வாழைநாரால் கட்டினார். ஆளுக்கு ஒரு பொட்டலம். தண்ணீருக்கு மங்குக் குவளைகள். தேநீருக்கு ஒரு பெரிய தூக்கு. சிறுவர்க்கென்று கிராணியார் தம் செலவில் ஒரு பெட்டி ஆரஞ்சுப் பானம் வாங்கி வந்திருந்தார், கண்ணாடிப் புட்டிகள்.

அருவியில் அன்று நாங்கள் எப்படி நடந்துகொண்டோம் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். உண்டு முடித்ததும் இலைகளைக் காட்டுக்குள் வீசினோம். வீசுவதில் யார் தொலைவில் எறிகிறார் என்று போட்டியும் வைத்தோம். முட்டை ஓட்டை நீரில் விட்டுக் கப்பலாக்கினோம். பெரியவர் எவரும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் ஆரஞ்சுப் பானப் புட்டிகளை மட்டும் தண்டல் ஒருவர் ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிப் பெட்டியில் அடுக்கினார். ஒரு புட்டி குறைந்தது. அதனைத் தேடி நாங்கள் அனைவரும் பாறை பாறையாக இறங்கினோம். காரணம் வேறொன்றுமில்லை. வெறும் புட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும். கொடாவிட்டால் கிராணியாருக்கு நட்டம். நீருக்கடியில் கிடந்த அந்தப் புட்டியைக் கண்டெடுத்த பையனுக்குத் தோளில் ஏறி ஊர்வலம் வரும் பேறு கிட்டிற்று.

அடுத்த ஆண்டு அதே இடத்துக்குச் சென்றபோது நாங்கள் வீசிய இலைகளின் சுவடுகூட இல்லை. எறும்பும் கறையானும் காட்டுப்பன்றியும் மழையும் அவற்றைத் தீர்த்திருந்தன. ஆகவே ‘அந்தக் காலத்து மக்கள் தூய்மை பேணினர், இந்தக் காலத்தார் கெட்டுவிட்டனர்’ என்று மேடையில் முழங்குவோரை நான் ஒப்புக்கொள்வதில்லை. நாங்களும் எறிந்தோம். எறிந்த பொருள் மட்கும் பொருளாக இருந்தது. மட்காத பொருளுக்கு விலை இருந்தது. இந்த இரண்டுமே அருவியைக் காத்தன. எங்கள் ஒழுக்கம் காக்கவில்லை.

பின்னர் என்ன நேர்ந்தது? இலை போய்ப் பாலிஸ்டிரின் பெட்டி வந்தது. கண்ணாடிப் புட்டி போய் நெகிழிப் புட்டி வந்தது. அதனைத் திருப்பிக் கொடுப்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்பு நிலங்களாக மாறியும் போக, லாரியில் கூட்டமாக வந்த மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறினர். லாரியில் வந்தபோது எண்ணிச் சரிபார்க்க ஒரு தண்டல் இருந்தார். தனித்தனிக் கார்களில் வந்தபோது எண்ணுவார் இல்லை. கையின் பழக்கம் மாறவில்லை. கையில் இருந்த பொருள் மாறிவிட்டது.

இனி என் சொந்தக் குற்றத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றும் பள்ளியிலிருந்து ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கஞ்சிங்குக்குக் கல்விப் பயணமாக அழைத்துச் சென்றோம். பெற்றோர் பேருள்ளத்தோடு நாசி லெமாக் பொட்டலங்களும், பள்ளியின் பெயர் அச்சிட்ட தாள் ஒட்டிய தண்ணீர்ப் புட்டிகளும் தந்தனர். நான் வழக்கம்போல் இயற்கையைப் போற்றுதல் பற்றிப் பத்து நிமிடம் உரையாற்றினேன். பிள்ளைகள் கைதட்டினர். திரும்பும்போது மழை வந்துவிட்டதால் அவசர அவசரமாகப் பேருந்தில் ஏறினோம். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து என் குடும்பத்தாருடன் அங்குச் சென்றேன். துப்புரவுப் பணி செய்யும் ஓர் அம்மையார், அறுபது வயதைத் தாண்டியவர், என்னைக் கண்டதும் சாக்கைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தார்.

“ஐயா, நீங்க பெரிய வாத்தியார்தானே? பிள்ளைங்களோட வந்தீங்களே.”

“ஆமாம் அம்மா.”

“இதைக் கொஞ்சம் பாருங்க” என்று சாக்கிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் காட்டினார். தாள் பாதி கிழிந்திருந்தது. எஞ்சிய பாதியில் என் பள்ளியின் பெயர் தெளிவாக இருந்தது. மூன்றாம் படியின் பாறையிடுக்கில் இத்தகையவை பல கிடந்தனவாம். “நான் குறை சொல்லலேங்க ஐயா. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேரு தண்ணியிலே கெடக்கக் கூடாதேன்னு தனியா எடுத்து வச்சேன்.”

அவரும் வட சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர். தோட்டம் விற்கப்பட்ட பின் மலிவுவிலை அடுக்குமாடியில் மகனோடு இருக்கிறார். பேரப்பிள்ளைகளை ஞாயிறுதோறும் அருவிக்கு அழைத்து வருவாராம். “கடைத்தெருவுக்குப் போனா ஆளுக்கு இருபது வெள்ளி ஆகும். இங்கே அந்தச் செலவில்லே. இதையும் பூட்டிட்டாங்கன்னா இதுங்க எங்கே போகும்?” என்றார். அவர் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. புட்டியை வாங்கிக்கொண்டேன். அது இன்றும் என் அலுவலக மேசைமேல் இருக்கிறது. வருவோர் பூ வைக்கும் சாடி என்று எண்ணிக்கொள்கின்றனர்.

பூட்டிவிடுவார்கள் என்று அவர் அஞ்சியது வீண் அச்சமன்று. பகாங் மாநிலத்தின் மாரான் மாவட்டத்தில் லுபுக் யூ என்னும் நீராடு துறை உண்டு. 2010ஆம் ஆண்டு அங்கு மூழ்கிய ஒருவரைத் தேடி நீரில் இறங்கிய மீட்புப் பணியாளரும் ஊராரும் நோயுற்று, எண்மர் இறந்தனர். மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்னும் நோயோடு எலிக் காய்ச்சலும் அவர்களுட் சிலருக்குக் கண்டறியப்பட்டது. அத்துறை மூடப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் எலிக் காய்ச்சலை மருத்துவர் கட்டாயம் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கினர். உணவு மிச்சம் கிடக்கும் இடத்துக்கு எலி வருகிறது. எலியின் சிறுநீர் நீரில் கலக்கிறது. காலில் சிறு கீறலோடு நீரில் இறங்குபவன் உடலில் கிருமி நுழைகிறது. வையை நீரைப் பார்ப்பார் மறுத்தது மனக்குறையால். இன்றைய நீரை நாம் மறுக்க நேர்ந்தால் அது உயிர் அச்சத்தால்.

கூட்டம் வேறு வகையிலும் கொல்லும். 2022 டிசம்பர் 16ஆம் நாள் விடியற்காலை 2 மணியளவில், நம் வட சிலாங்கூரின் பத்தாங் காலியில், மலைச்சாலையோரப் பண்ணை ஒன்றில் கூடாரமிட்டு உறங்கியோர்மேல் மலைச்சரிவு விழுந்து 31 பேர் மாண்டனர். பள்ளி விடுமுறைக் காலம். மாண்டவருள் குழந்தைகளும் ஆசிரியர்களும் இருந்தனர். அங்கே முகாம் நடத்துவதற்கு உரிமம் இல்லை என்று அரசு அறிவித்தது. அதற்கு அவர்கள் போட்ட குப்பை காரணமன்று. மண்ணும் மழையும் காரணம். இருப்பினும், எந்த இடத்தில் எத்தனை பேர் இரவு தங்கலாம் என்று கேட்பார் இல்லாத நிலை இரண்டுக்கும் பொதுவானது. அதன் பின்னர் ஆற்றோர, அருவியோர முகாம்கள் பல சில நாள் மூடப்பட்டன; முகாம்களுக்கு நெறிமுறைகளும் வகுக்கப்பட்டன.

பிற நாட்டார் என் செய்தனர் என்பதையும் சிறிது பார்ப்போம். வேன்களில் தங்கித் திரிவோர் மிகுந்த நியூசிலாந்து 2011இல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. 2023இல் அதனைத் திருத்தி, தன்னிறைவு வண்டி என்று சான்று பெற விரும்பும் வேனுக்குள் பெயர்க்க இயலாதபடி பொருத்திய கழிப்பறை இருத்தல் வேண்டும் என்றது. ஸ்காத்லாந்தின் வடகரையில் 2015இல் ஒரு சுற்றுலாச் சாலைக்குப் பெயரிட்டு விளம்பரம் செய்தனர். வண்டிகள் வந்து குவிந்தன. கழிவைக் கொட்ட இடமில்லை என்று அங்குள்ள சிற்றூரார் இன்றும் முறையிடுகின்றனர். விளம்பரம் முந்திற்று, கழிப்பறை பிந்திற்று.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு நீலகிரி. ரவாங்குக்கு இருப்புப்பாதை ஈயத்துக்காக வந்தது. நீலகிரிக்கோ குளிர்ச்சிக்காக வந்தது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் மலை இரயில் ஏறிற்று. அன்று வெள்ளையர் சிலருக்கு என்று அமைந்த ஊர், பின்னர் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு முறையேனும் காண விரும்பும் ஊராயிற்று. கோடையில் கார்கள் நகர இடமின்றி நின்றன. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகள் மின்அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. விடுதிக்காரரும் வணிகரும் இதனை எதிர்த்தனர். அவர்கள் வயிற்றுப்பாட்டை நாம் எள்ளுவதற்கில்லை.

ஆனால் என் நெஞ்சைத் தொட்டது அந்த வரம்பன்று. அதே மலையில் 2022இல் நிகழ்ந்த வேறொன்று. குடித்துவிட்டுக் காட்டில் எறியும் மதுப்புட்டிகள் உடைந்து யானைகளின் காலைக் கிழிப்பதாக வழக்கு வந்தது. நீதிமன்றத்தின் வழிகாட்டுதலால், நீலகிரியின் அரசு மதுக்கடைகளில் ஒவ்வொரு புட்டிக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, வெறும் புட்டியைத் திருப்பித் தந்தால் அப்பணத்தை மீட்டுத் தரும் முறை தொடங்கப்பட்டது. புட்டிகளில் மிகப் பெரும்பாலானவை திரும்பி வந்தன. பின்னர் அம்முறை பிற மாவட்டங்களுக்கும் பரவிற்று. குடிகாரர்களுக்கு யாரும் அறவுரை கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1978இல் எங்கள் தண்டல் ஆரஞ்சுப் பானப் புட்டியை எண்ணினாரே, அதே கணக்குத்தான் இது. நாம் கைவிட்ட ஒன்றைப் பெரிய நீதிமன்றம் மீண்டும் கண்டுபிடித்திருக்கிறது.

சிலாங்கூர் மாநிலமும் வாளா இருக்கவில்லை. 2017 ஜனவரி முதல் நெகிழிப் பைக்கு 20 காசு கட்டணமும் பாலிஸ்டிரின் உணவுப் பெட்டிக்குத் தடையும் இங்கே வந்தன. குப்பை போடுவோரை 12 மணி நேரம் வரை சமூகத் தொண்டு செய்ய வைக்கும் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் 2025இல் நிறைவேற்றியது. தண்டம் 2,000 ரிங்கிட் வரை. நல்லதே. எனினும் ஒன்று சொல்வேன். 2020 செப்டம்பரில் ரவாங்கின் சுங்கை கோங்கில் தொழிற்சாலைக் கழிவு கலந்து, சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் நின்று, ஏறத்தாழ 12 இலட்சம் நீர்க்கணக்குகளுக்குக் குழாய் வறண்டது. அருவியோரத்தில் பொட்டலம் எறிபவன் குற்றவாளிதான். ஆனால் அவன்மேல் மட்டும் விரல் நீட்டுவது எளிதாக இருக்கிறது என்பதற்காக அங்கேயே நின்றுவிடுதல் வரலாறு கற்றவர்க்கு அழகன்று. கோல குபுவை மண்மூடச் செய்தது எவர் கழிவு என்பதை மேலே கண்டோம்.

கெட்ட நிலம் மீளாது என்று சோர்வோர் கெப்போங்குக்குச் சென்று காணட்டும். ஈயம் தோண்டிப் பாழ்பட்டுக் கிடந்த நிலத்தில் 1926 தொடங்கி மரம் நட்டு, ஆராய்ச்சி நிலையத்தார் காடு ஒன்றை வளர்த்தனர். 2025இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றது. ரவாங்கிலிருந்து அது அரைமணி நேரப் பயணம். ஒரு தலைமுறை கெடுத்ததை மூன்று தலைமுறை திருத்தியது.

இவ்வாண்டு ஆறாம் ஆண்டு மாணவர்களை மீண்டும் கஞ்சிங்குக்கு அழைத்துச் சென்றேன். உரை எதுவும் ஆற்றவில்லை. புறப்படுமுன் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு வெள்ளி வாங்கிப் பெயர் எழுதி வைத்துக்கொண்டோம். கொண்டு வந்த புட்டியையும் உணவுப் பெட்டியையும் மாலையில் காட்டினால் வெள்ளி திரும்பக் கிடைக்கும். வெள்ளி கொண்டு வர இயலாத நால்வருக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கட்டியது. புளிச்சோற்றை இலையில் கட்டித் தருமாறு தாய்மாரைக் கேட்டிருந்தோம். சிலர் கட்டினர், பலருக்கு இலை கிடைக்கவில்லை. மாலையில் எண்ணிப் பார்த்தபோது 42 புட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் 67 இருந்தன. வேறு யாரோ போட்டவற்றையும் பிள்ளைகள் பொறுக்கி வந்து, அவற்றுக்கும் வெள்ளி கேட்டு நின்றனர். அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே மூட்டையைக் கட்டிக் கொடுத்தார். பேருந்து ஓட்டுநர் மட்டும் முகம் சுளித்து, “பெரிய வாத்தியாரே, இந்த நாத்தத்தை எங்கே வைக்கிறது?” என்றார். ஓட்டுநருக்குப் பின்னால், என் இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு வந்தேன்.